தவளையைத் தோழனாக்கிய பியாட்ரிக்ஸ் பாட்டர்

குழந்தைகளே! மழை ஓய்ந்த ராத்திரியில் குளியலறைக் கதவைத் திறக்கிறீர்கள். வாளிக்குப் பக்கத்தில் ஒரு தவளை உட்கார்ந்து உங்களையே பார்க்கிறது. அப்போது என்ன செய்வீர்கள்?

பலர் வீல் என்று கத்திக்கொண்டு ஓடி வருவீர்கள். சிலர் துடைப்பத்தைத் தேடுவீர்கள். ஆனால், யாராவது ஒருவராவது குந்தி உட்கார்ந்து, அதன் தொண்டை ஏன் இப்படி ஓயாமல் துடிக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு, லண்டன் மாநகரில் ஒரு சிறுமி அப்படித்தான் பார்த்தாள். கத்தவில்லை, ஓடவில்லை. தவளையை உற்றுப் பார்த்தாள். பென்சிலை எடுத்து வரைந்தாள். அதனுடன் நட்பு கொண்டாள். அந்தச் சிறுமிதான் பின்னாளில் உலகக் குழந்தைகள் எல்லாம் கொண்டாடிய கதாசிரியர் பியாட்ரிக்ஸ் பாட்டர். நீலக் கோட்டு போட்ட பீட்டர் முயலைப் படைத்தவர் அவர்தான். முயலை எல்லாருக்கும் தெரியும். அவருடைய தவளையைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோமா?

மாடி அறைச் சிறுமி

1866-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி, லண்டனில் கென்சிங்டன் பகுதியில் பியாட்ரிக்ஸ் பிறந்தாள். போல்டன் கார்டன்ஸ் என்ற தெருவில் பெரிய மாளிகை அவர்களுடையது. அப்பா ரூபர்ட் பாட்டர் சட்டம் படித்தவர். புகைப்படம் எடுப்பதில் பெரும் ஆர்வம் உள்ளவர். அம்மா ஹெலன். இரு வீட்டாருமே பருத்தித் துணித் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பத்தினர். பணத்துக்குக் குறைவில்லை, வேலையாட்களுக்கும் குறைவில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். அந்தச் சிறுமிக்கு விளையாட ஆள் இல்லை!

அக்காலத்து இங்கிலாந்தில், பணக்கார வீட்டுப் பெண் குழந்தைகள் பலரைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். ஆசிரியை வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித் தருவார். பியாட்ரிக்ஸ் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டின் மேல்மாடியில் குழந்தைகளுக்கென ஓர் அறை. படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். கடைவீதி தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயர் தெரியாது. வெளியுலகம் தெரியாதவரை நாம் கிணற்றுத் தவளை என்று கேலி செய்வோமே, கிட்டத்தட்ட அந்த நிலைதான்.

அவளுக்கு ஆறு வயது நடந்தபோது, 1872-இல் தம்பி பெர்ட்ராம் பிறந்தான். அவன் கொஞ்சம் வளர்ந்ததும் இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள். இருவருக்கும் ஒரே பைத்தியம், பிராணிகள்! முயல், எலி, முள்ளெலி, வௌவால், பல்லி, ஆமை, பாம்பு, நத்தை, நீரில் வாழும் பல்லி போன்ற நியூட், அப்புறம் தவளை. இத்தனையும் அந்த மாடி அறையில் வெவ்வேறு காலங்களில் குடியிருந்தன.

பஞ்ச் என்ற பச்சைத் தவளை

பிராணிகளை வளர்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கிடைத்ததை எல்லாம் வரைந்தார்கள். இறந்துபோன சிறு பிராணியைக்கூட வீணாக எறியவில்லை. அதன் எலும்புக்கூட்டைத் தனியே எடுத்து, எந்த எலும்பு எங்கே சேர்கிறது என்று பார்த்து வரைந்தார்கள். அருவருப்பாக இருக்கிறதா? மருத்துவக் கல்லூரி மாணவர்கள் செய்வதைத்தான் அந்தக் குழந்தைகள் தாங்களாகவே செய்தார்கள்!

பெர்ட்ராம் பெரியவனானதும், அவனை விடுதியுடன் கூடிய பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண் பிள்ளை அல்லவா! அக்காளுக்கு மறுபடியும் தனிமை. பேச்சுத் துணைக்கு இருந்தவை பிராணிகள்தாம்.

அவற்றில் ஒன்று, பஞ்ச் என்று பெயரிட்ட பச்சைத் தவளை. அது ஒன்றிரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு விட்டெறிந்த தவளை அல்ல. ஐந்தாறு ஆண்டுகள் அவளிடம் வாழ்ந்தது. குடும்பத்தார் ஊர் ஊராகப் போனபோது அதுவும் பெட்டியில் பயணம் போனது. அது இறந்தபோது, நெருங்கிய நண்பனை இழந்ததுபோல அவள் தன் நாட்குறிப்பில் அந்தச் செய்தியைக் குறித்து வைத்தாள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். நாய் வாலை ஆட்டும். பூனை காலைச் சுற்றி வரும். கிளி பேசும். தவளை என்ன செய்யும்? சும்மா உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஒன்றின் மீது அன்பு வைக்க, தனிப் பொறுமை வேண்டும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அதன் வித்தைகள் தெரியும்.

தவளைக்கு நம்மைப் போல மார்பை விரித்து மூச்சிழுக்கத் தெரியாது. தொண்டையை ஏற்றி இறக்கித்தான் காற்றை நுரையீரலுக்குள் தள்ளும். தொண்டை துடிப்பது அதனால்தான். இரையை விழுங்கும்போது அது கண்களை மூடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? கண் உருண்டைகள் உள்ளே இறங்கி, இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. கண்ணால் விழுங்கும் பிராணி! இதெல்லாம் துடைப்பத்தோடு போகிறவர் கண்ணுக்குத் தெரியுமா? உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

கோடைக்காலச் சொர்க்கம்

அந்தக் குடும்பத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கோடை வந்துவிட்டால் லண்டனை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். 1871 முதல் 1881 வரை ஸ்காட்லாந்தில் டல்கைஸ் என்ற ஊரில், டே ஆற்றங்கரையில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். பியாட்ரிக்ஸின் ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரை அந்த ஊர்தான் அவளுக்குச் சொர்க்கம். காட்டிலும் ஆற்றங்கரையிலும் சுதந்திரமாகச் சுற்றினாள்.

1882-இல் அந்த வீடு கிடைக்கவில்லை. அப்பா வேறோர் இடம் பார்த்தார். அது இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் ஏரி மாவட்டம். மலைகள், ஏரிகள், ஓடைகள், கற்சுவர் கட்டிய வயல்கள், ஈரப் புல்வெளிகள் நிறைந்த பகுதி. அங்கே ரான்ஸ்லி என்ற பாதிரியாரை அந்தக் குடும்பம் சந்தித்தது. இந்த ஏரிகளையும் மலைகளையும் பணக்காரர்கள் கூறுபோட்டு வாங்கிவிடாமல் காக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர் அவர். 1895-இல் வேறு இருவருடன் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. பதினாறு வயதுப் பெண்ணின் மனத்தில் அவருடைய எண்ணம் விதைபோல் விழுந்தது. அது முளைத்து மரமாகப் பல ஆண்டுகள் ஆயின.

ரகசிய எழுத்து

பியாட்ரிக்ஸ் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். பதினைந்து வயதுவாக்கில் தொடங்கி, முப்பது வயது வரை ஒரு நாட்குறிப்பு எழுதினார். அதை யாரும் படிக்க முடியாது. ஏனென்றால், அதை அவரே கண்டுபிடித்த ரகசிய எழுத்தில் எழுதினார்! ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி, அதுவும் பொடிப்பொடியாக.

அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் லெஸ்லி லிண்டர் என்பவர் 1958-இல் அந்தக் குறிகளின் புதிரை அவிழ்த்தார். முழு நாட்குறிப்பும் 1966-இல், பியாட்ரிக்ஸ் பிறந்த நூறாவது ஆண்டில், புத்தகமாக வந்தது. பஞ்ச் தவளையைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதும் அந்த நாட்குறிப்பால்தான்.

மூடிய கதவு

பிராணிகளைப் போலவே காளான்களும் அவரை இழுத்தன. காடு மேடெல்லாம் தேடிச் சென்று, நூற்றுக்கணக்கான காளான் ஓவியங்கள் தீட்டினார். ஸ்காட்லாந்தில் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற தபால்காரர் இருந்தார். தபால் கொண்டு நடந்த வழியெல்லாம் செடிகொடிகளைக் கற்றவர். அவர் காளான்களை அனுப்பிவைப்பார். இவர் வரைந்து அனுப்புவார்.

காளான் எப்படி முளைக்கிறது? அதன் அடியிலிருந்து உதிரும் வித்துத்தூளிலிருந்து. அந்தத் தூளைத் தாமே வீட்டில் முளைக்க வைத்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார் பியாட்ரிக்ஸ். ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். லண்டனில் லின்னியன் சங்கம் என்ற புகழ்பெற்ற அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில், 1897-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி அது முன்வைக்கப்பட்டது.

ஆனால், கட்டுரை எழுதியவர் அந்த அறையில் இல்லை. ஏன் தெரியுமா? அந்தச் சங்கத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது! வேறொருவர்தான் அவர் சார்பில் அதை முன்வைத்தார். கட்டுரை அச்சாகவே இல்லை. பள்ளியிலும் சேர்க்காத பெண். சங்கத்திலும் சேர்க்காத பெண். அவர் மனம் எவ்வளவு வேதனைப்பட்டிருக்கும்!

நூறு ஆண்டுகள் கழித்து, 1997-இல் அந்தச் சங்கம் தான் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. ஆனாலும், அவருடைய காளான் ஓவியங்கள் வீணாகவில்லை. 1967-இல் வெளிவந்த ஒரு காளான் நூலில் அவை இடம் பெற்றன. அத்தனை துல்லியம்!

கடிதத்தில் பிறந்த தவளை

பியாட்ரிக்ஸுக்குக் கடைசியாகப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியை ஆனி மூர். திருமணமாகிப் போனபின்னும் அவருடன் நட்பு தொடர்ந்தது. அவருடைய குழந்தைகளுக்குப் பியாட்ரிக்ஸ் படம் போட்ட கடிதங்கள் எழுதுவார்.

1893 செப்டம்பர் 4-ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் டே ஆற்றங்கரையில் தங்கியிருந்தபோது, நோயில் படுத்திருந்த நோயல் என்ற சிறுவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு முயல் குடும்பத்தின் கதை இருந்தது. அதுதான் பீட்டர் முயல் கதை!

அண்ணனுக்கு மட்டும் கடிதம் போனால் தம்பி ஏங்குவானே! மறுநாளே, செப்டம்பர் 5-ஆம் தேதி, தம்பி எரிக்குக்கு இன்னொரு கடிதம். அதில் ஜெரமி ஃபிஷர் என்ற தவளை வந்தார். அந்தத் தவளை ஆற்றங்கரையில் சிறு வீட்டில் வசிக்கிறார். தூண்டில் எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறார். இரண்டே நாளில் உலகப் புகழ்பெற்ற முயலும் தவளையும் பிறந்துவிட்டன!

அடுத்த ஆண்டு, 1894-இல், தவளை மீன் பிடிக்கும் படங்களை ஒரு பதிப்பகத்துக்கு விற்றார். அவர்கள் வேறொருவர் எழுதிய பாட்டோடு அவற்றைச் சேர்த்து அச்சிட்டார்கள். தன் தவளை வேறு யாருடைய சொல்லோடோ போனது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். பின்னர் அந்தப் படங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

முயல் கதையைப் புத்தகமாக்க முயன்றபோதும் எளிதாக நடக்கவில்லை. பதிப்பகத்தார் பலர் வேண்டாம் என்றார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. சொந்தப் பணத்தில் 1901 டிசம்பரில் 250 பிரதிகள் அச்சடித்தார். அடுத்த ஆண்டு, 1902 அக்டோபரில், வார்ன் பதிப்பகம் அதை வண்ணப் படங்களுடன் வெளியிட்டது. குழந்தைகளின் சிறு கைகளில் அடங்கும் சின்னப் புத்தகம். அமோக வரவேற்பு!

துயரத்தில் முடிந்த புத்தகம்

வார்ன் பதிப்பகத்தில் அவருடைய புத்தகங்களைக் கவனித்துக்கொண்டவர் நார்மன் வார்ன். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். 1905 ஜூலையில் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். பெற்றோர் சம்மதிக்கவில்லை. தொழில் செய்து பிழைக்கும் குடும்பம் தங்கள் தகுதிக்கு ஏற்றதல்ல என்றார்கள். ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 25-ஆம் தேதி, ரத்தப் புற்றுநோயால் நார்மன் இறந்துபோனார். வயது 37.

பியாட்ரிக்ஸ் நொறுங்கிப்போனார். ஆனால், மூலையில் முடங்கிவிடவில்லை. புத்தகங்களில் சேர்ந்த பணத்தையும், உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகையையும் கொண்டு, அதே 1905-இல் ஏரி மாவட்டத்தில் சாரே என்ற கிராமத்தில் ஒரு பண்ணை வாங்கினார். ஹில் டாப் என்று அதற்குப் பெயர். 34 ஏக்கர் நிலம். பழைய வீடு, தோட்டம். அருகிலேயே எஸ்த்வெயிட் ஏரி. அதன் கரையில் நாணல். நீரில் அல்லி இலைகள்.

அந்த ஏரியைப் பார்த்ததும், எரிக்குக்கு எழுதிய பழைய கடிதத்துத் தவளைக்குப் புது வீடு கிடைத்துவிட்டது. ஸ்காட்லாந்து ஆற்றங்கரையிலிருந்து ஜெரமி ஃபிஷரை இந்த ஏரிக்கரைக்குக் குடிமாற்றினார். 1906 ஜூலையில் தவளைப் புத்தகம் வெளிவந்தது. கடிதமாக எழுதி 13 ஆண்டுகள் ஆகியிருந்தன!

கதை இதுதான். ஜெரமி ஃபிஷரின் வீட்டுக்குள் எப்போதும் ஈரம். சமையலறைப் பக்கமெல்லாம் தண்ணீர். அவருக்கு அதுதான் பிடிக்கும். ஒரு மழை நாளில் விருந்துக்கு மீன் பிடிக்கக் கிளம்புகிறார். மேலே மழைக்கோட்டு, காலில் ரப்பர் காலணி. அல்லி இலைதான் படகு. பகல் உணவாக வண்ணத்துப்பூச்சி வைத்த ரொட்டி! தூண்டிலில் சிக்கியதோ முள் நிறைந்த பொடி மீன். விரலைக் குத்திவிடுகிறது. அப்புறம்தான் பெரிய ஆபத்து. ஒரு பெரிய ட்ரவுட் மீன் பாய்ந்து வந்து தவளையாரை லபக்கென்று கவ்விக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடுகிறது. மழைக்கோட்டின் சுவை பிடிக்காமல் உடனே துப்பிவிடுகிறது. தவளையார் கிழிந்த கோட்டோடு துள்ளித் துள்ளி வீடு சேர்கிறார். அன்று விருந்துக்கு வந்த நியூட்டுக்கும் ஆமைக்கும் மீன் இல்லை, வறுத்த வெட்டுக்கிளிதான்!

மழைக்கோட்டு எதற்கு?

இந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. தவளை கோட்டுப் போட்டிருந்தாலும், அது உண்மைத் தவளையாகவே இருக்கிறது. தவளை பூச்சிகளைத் தின்னும், கதையிலும் தின்கிறது. பெரிய மீன் தவளையைத் தின்னும்; கதையிலும் கவ்வுகிறது. தவளைக்கு ஈரம் வேண்டும். கதை வீட்டிலும் ஈரம். மெலிந்த கைகள், நீண்ட பின்னங்கால், விரல்களுக்கிடையே சவ்வு, பிதுங்கிய கண் எல்லாம் அச்சு அசல். சிறு வயதில் பார்த்துப் பார்த்து வரைந்த பயிற்சி வீண்போகுமா? அந்தப் படத்தின் நிறம் பற்றிப் பதிப்பகத்தார் சந்தேகம் கேட்டபோது, அவர் உயிருள்ள தவளை ஒன்றையே ஜாடியில் எடுத்துப்போய்க் காட்டினார் என்றும் சொல்வதுண்டு.

ஆனால் ஒன்று. உண்மையில் தவளைக்கு மழைக்கோட்டு தேவையே இல்லை! தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோலால்தான் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்துவிட்டால் அதற்கு ஆபத்து. மழையில் நனைய ஆசைப்படும் பிராணிக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டார் பாருங்கள், அதுதான் வேடிக்கை! அந்தக் கோட்டுதான் கடைசியில் உயிரையும் காத்தது.

தவளையின் வீட்டைக் காத்தவர்

ஹில் டாப் வாங்கிய பிறகும், மகள் என்ற கடமையால் அவர் பெரும்பாலும் லண்டனில் பெற்றோருடன்தான் இருக்க வேண்டியிருந்தது. கிடைத்த போதெல்லாம் பண்ணைக்கு ஓடினார். 1913 அக்டோபரில், 47-ஆவது வயதில், வில்லியம் ஹீலிஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞரை மணந்துகொண்டு சாரே கிராமத்திலேயே குடியேறினார். அருகே மலைமீது மாஸ் எக்கிள்ஸ் என்ற சிறிய ஏரி உண்டு. கணவனும் மனைவியும் மாலை வேளைகளில் அங்கே படகோட்டி மீன் பிடிப்பார்கள். ஜெரமி ஃபிஷர் செய்ததைத்தான்!

இப்போது அவர் திருமதி ஹீலிஸ். முழு நேர விவசாயி. முரட்டுக் கம்பளி உடை, மரக்கட்டை செருப்பு, தலையில் பழைய தொப்பி. சேற்றில் இறங்கி ஆடு மேய்ப்பார். அந்தப் பகுதிக்கே உரிய ஹெர்ட்விக் என்ற செம்மறி ஆட்டு இனத்தை அக்கறையாக வளர்த்துப் போட்டிகளில் பரிசும் வாங்கினார்.

பெரிய கவலை ஒன்று அவரை வாட்டியது. ஊரின் அழகைப் பார்த்துப் பணக்காரர்கள் மாளிகை கட்ட வந்தார்கள். ஏரியில் விமானம் இறக்கவும், கரையில் விமானத் தொழிற்சாலை கட்டவும் திட்டம் வந்தது. 1912-ஆம் ஆண்டுவாக்கில் அதை எதிர்த்து அவர் கடிதம் எழுதினார், கையெழுத்து வாங்கினார். அதோடு, விற்பனைக்கு வந்த பண்ணைகளைத் தம் புத்தகப் பணத்தில் ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார். 1930-இல் மிகப் பெரிய ஒரு பண்ணைத் தோட்டம் விலைக்கு வந்தபோது, துண்டு துண்டாகப் போகாமல் முழுவதும் வாங்கினார். பாதியை வாங்கிய விலைக்கே நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். லாபம் பார்க்கவில்லை.

1943 டிசம்பர் 22-ஆம் தேதி, 77-ஆவது வயதில் பியாட்ரிக்ஸ் பாட்டர் காலமானார். உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். பல பண்ணைகளும், 4000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும் நேஷனல் டிரஸ்டுக்குச் சேரும்படி எழுதிவைத்திருந்தார். பதினாறு வயதில் ரான்ஸ்லி பாதிரியார் போட்ட விதை மரமாகிவிட்டது அல்லவா?

அந்தப் பகுதி 1951-இல் தேசியப் பூங்கா ஆனது. 2017-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஹில் டாப் வீடு 1946 முதல் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடப்பட்டது.

அவர் தவளைக்காக மட்டும் அந்த நிலத்தை வாங்கவில்லைதான். ஆட்டுக்காக, விவசாயிக்காக, பழைய கற்சுவர்களுக்காக, மலைக்காக வாங்கினார். ஆனால், ஏரிக்கரையைக் கட்டடம் விழுங்காமல், ஓடையை மூடாமல், ஈரப் புல்லை அழிக்காமல் விட்டால், அங்கே தவளை தானாகவே வாழும்.

சிறுமியாக இருந்தபோது பியாட்ரிக்ஸ் ஒரு தவளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெரியவர் ஆனதும், தவளை இருக்கும் இடத்துக்குத் தாமே குடிபோனார். கடைசியில், தவளையின் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய வாழ்க்கையை இந்த மூன்று வரிகளில் சொல்லிவிடலாம். முதல் காரியத்தைவிட மூன்றாவது காரியம்தான் பெரியது, இல்லையா?

நம் வீட்டுத் தவளைக்கு நாம் என்ன செய்யலாம்?

தவளையைப் பிடித்துப் பாட்டிலில் அடைக்க வேண்டாம். பியாட்ரிக்ஸ் காலத்தில் பிராணிகளை வீட்டில் அடைத்து வளர்ப்பது வழக்கமாக இருந்தது. இன்று நமக்கு இன்னும் நன்றாகத் தெரியும்; அது இருக்கும் இடத்திலேயே இருந்தால்தான் அதற்குச் சுகம். தூர நின்று பாருங்கள், நோட்டில் வரையுங்கள்.

தேடுவது எப்படி? தவளை ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் ஒளியும். பூந்தொட்டியின் அடி, குழாயடி, கிணற்றடிக் கல், வாழைமரத்து அடி, இலைக்குவியல். இருட்டியபின் பெரியவர் துணையோடு டார்ச் விளக்கு எடுத்துப் போங்கள். கையை உள்ளே விடாதீர்கள். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரலாம்.

தோட்டத்து மூலையில் ஓர் உடைந்த மண்பானையைக் கவிழ்த்து வையுங்கள். நுழைய ஒரு சின்ன வழி இருக்கட்டும். தவளைக்கு வீடு தயார்! பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைக்கலாம். கொசு முட்டையிடாமல் அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

தொட்டிக்குள் விழுந்த தவளை ஏற முடியாமல் தவிக்கும். சாய்வாக ஒரு பலகையோ குச்சியோ வைத்தால் ஏறி வந்துவிடும்.

தவளை மேல் உப்பு தூவாதீர்கள். அதன் மெல்லிய தோல் தாங்காது. செடிகளுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் அப்படித்தான். குளியலறைக்கு வந்த தவளையை வெளியேற்ற வேண்டுமானால், ஓர் அகலப் பாத்திரத்தால் மெதுவாக மூடி, அடியில் அட்டையைச் செருகித் தோட்டத்தில் விட்டுவிடுங்கள். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நம் நாட்டில் ஒரு காலத்தில் தவளைக் கால்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். வயலில் பூச்சியைத் தின்று உழவருக்கு உதவும் நண்பன் குறைந்துபோவதைக் கண்டு, 1987-இல் அரசு அதைத் தடை செய்தது.

அடுத்த மழைக்கு உங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தவளை வந்தால், உடனே விரட்டாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அதன் தொண்டை எப்படித் துடிக்கிறது? எத்தனை விரல்கள்? கண்ணின் நிறம் என்ன? ஒரு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்!